சுவருக்குள்ளே ஓடும் கம்பி
வீட்டு வயரிங் வேலையை நாம் ஏன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்?



நம் குழுக்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் 'வீட்டு வேலைக்கு' என்று கடன் கேட்கும் வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. தொகுப்பு வீட்டை முடிக்க ஒருவர், ஓட்டு வீட்டை மாற்றித் தளம் போட ஒருவர், மாமியார் வீட்டை ஒட்டி ஒரு அறை கட்ட ஒருவர். சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ, ஜன்னல் என்ன விலை என்றெல்லாம் நம் உறுப்பினர்கள் மனக்கணக்காகவே சொல்கிறார்கள். "வயரிங்குக்கு எவ்வளவுக்கா ஆகும்?" என்று நாங்கள் கேட்டால் மட்டும், "அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு, எலக்ட்ரீசியன்கிட்ட சொல்லியாச்சு" என்று பதில் வருகிறது.

கையில் பணம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவதும் அந்த வயரிங்கில்தான். டைல்ஸ் குறையாது, கிரில் கேட் குறையாது. அவை ஊர் கண்ணுக்குத் தெரிகிறவை. சுவருக்குள் ஓடும் கம்பியும் மண்ணுக்குள் இறங்கும் பைப்பும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் மாவு ஆட்டும்போது ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுவது யார்? நாம்தான். கடனைத் திருப்பிக் கட்டுவதும் நாம்தான். அதனால் இந்த மாதம் வீட்டு எலக்ட்ரீசியன் என்ன வேலை செய்கிறார், எதை வைத்துச் செய்கிறார், அவர் வேலை செய்யும்போது நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வண்டியும் பையும்

வெளிநாடுகளில் எலக்ட்ரீசியன் என்றால் ஒரு வேன் இருக்கும். உள்ளே அலமாரி அடித்து ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அறை வைத்திருப்பார்கள். நம் பக்கத்தில் அந்த வேனின் வேலையைப் பெரும்பாலும் டி.வி.எஸ். வண்டிதான் செய்கிறது. 1980ல் நம் பக்கத்து ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தது முதல் இன்று ஓடும் எக்ஸ்.எல். வரை, முன்னால் காலை வைக்கும் இடம் தட்டையாக இருப்பதால் வயர் காயில், சுவிட்ச் டப்பா, டிரில் மிஷின் எல்லாம் அதில் அடங்கிவிடும். பத்தடி பி.வி.சி. பைப்புகளைப் பக்கவாட்டில் கட்டிக்கொள்வார். பின்னால் உட்கார்ந்த பையன் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவான். (பார்க்கவே பயமாகத்தான் இருக்கும். ஏணிக்கு ஒரு நடை தனியாக வரச் சொல்லுங்கள்.)

பைக்குள் என்ன இருக்கிறது? முதலில் டெஸ்டர். பேனா மாதிரி சட்டைப் பையில் சொருகியிருப்பார். உள்ளே ஒரு சிறிய நியான் விளக்கும், மின்சாரத்தை மிகமிகச் சிறிதாகக் குறைத்து விடும் ஒரு பாகமும் இருக்கும். நுனியை லைனில் வைத்து, தலையை விரலால் தொட்டால், அந்தச் சிறு மின்சாரம் நம் உடம்பு வழியாகப் போய் விளக்கு மினுக்கும். நமக்குத் தெரியாத அளவு அது. டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று உடனே நம்பக் கூடாது. டெஸ்டரே கெட்டுப் போயிருக்கலாம். நல்ல எலக்ட்ரீசியன் முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் வைத்து எரியவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்தில் வைப்பார். இதைச் செய்கிறாரா என்று கவனியுங்கள். அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், பெரிதும் சிறிதுமாக ஸ்குரூ டிரைவர்கள், வயர் தோலை உரிக்கும் ஸ்டிரிப்பர், சுத்தியல், உளி, ஹாக்சா பிளேடு, இன்சுலேஷன் டேப். பிளேயரின் கைப்பிடியில் தடித்த பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருக்க வேண்டும். உறை கிழிந்த பிளேயரில் டேப் சுற்றிக்கொண்டு வருகிறவர் தன் உயிரையே பொருட்படுத்தாதவர், நம் வீட்டை எப்படிப் பொருட்படுத்துவார்? பைப்புக்குள் வயர் இழுக்க நீளமான ஸ்டீல் ஸ்பிரிங் ஒன்று சுருட்டி வைத்திருப்பார். ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி இரண்டு வயரை நீட்டி விட்டது போல் ஒன்று இருக்கும். அதற்கு டெஸ்ட் லாம்ப் என்று பெயர். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும், எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க அது உதவும். கொஞ்சம் வசதி உள்ளவர் மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் வைத்திருப்பார். மெகர் என்று ஒரு கருவி உண்டு. வயரின் தோல் வழியாகக் கசிவு இருக்கிறதா என்று அது காட்டும். நம் ஊர் எலக்ட்ரீசியன் எல்லோரிடமும் அது இருக்காது. லைசென்ஸ் எடுத்த கான்டிராக்டரிடம் இருக்கும்.

ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினிய ஏணி லேசாக இருக்கும், ஆனால் அதில் கரண்ட் பாயும். மின்சார வேலைக்குக் காய்ந்த மூங்கில் ஏணியோ மர ஏணியோதான் நல்லது.

நாலு தடவை வருவார்

புது வீட்டுக்கு எலக்ட்ரீசியன் ஒரே நாளில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போவதில்லை. வீடு வளர வளர நாலு தடவை வருவார்.

முதல் தடவை தளம் போடுவதற்கு முன். சென்டரிங் பலகை மேல் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டும் முன்பு பைப்பும் ஃபேன் மாட்டும் பாக்ஸும் வைக்க வேண்டும். மேஸ்திரி திடீரென்று "நாளைக்குக் கான்கிரீட்" என்று சொல்லி, எலக்ட்ரீசியன் வேறு ஊரில் மாட்டிக்கொண்டால், பிறகு தளத்தில் ஓட்டை போட்டுத்தான் ஃபேன் மாட்ட முடியும். இருவருக்கும் முன்கூட்டியே தேதியைச் சொல்லிவிடுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

இரண்டாவது தடவை சுவர் எழும்பிய பின், பூச்சுக்கு முன். அப்போதுதான் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு எங்கே சுவிட்ச், எங்கே பிளக், எங்கே லைட் என்று குறிப்பார். பிறகு அந்தக் கோட்டில் சுவரைக் கொத்திப் பைப்பைப் பதிப்பார். வீட்டு வயரிங்கில் நாம் கட்டாயம் நிற்க வேண்டிய நாள் இந்த நாள். எங்கள் அனுபவத்தில் பல வீடுகளில் இந்த நாளில் வீட்டு ஆண்களும் எலக்ட்ரீசியனும் மட்டுமே இருக்கிறார்கள். ஹாலில் டி.வி.க்கு எங்கே பாயிண்ட் என்று அரை மணி நேரம் பேசுவார்கள். சமையல் அறையில், "இங்க ஒண்ணு போட்டுக்கலாம்" என்று அரை நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். பிறகு முப்பது வருஷம் அந்தச் சமையல் அறையில் நிற்பது நாம்.

மிக்ஸி எங்கே வைக்கப் போகிறீர்கள், கிரைண்டர் எங்கே, குழாய் எங்கே, அடுப்பு எங்கே என்று அன்றைக்கே நின்று காட்டுங்கள். பிளக் குழாய்க்கு நேர் மேலேயோ, தண்ணீர் தெறிக்கும் இடத்திலோ வரக் கூடாது. அடுப்புக்கு மேலே கையை நீட்டிச் சுவிட்ச் போடும்படி வரக் கூடாது. கிரைண்டர் வயர் தரையில் ஈரத்தில் கிடக்காமல் நேராகப் போய்ச் சேர வேண்டும். இன்டக்ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்குப் பெரிய 16 ஆம்பியர் பிளக் தனியாகக் கேளுங்கள். பின்பக்கம் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு லைட், அதன் சுவிட்ச் கழிப்பறைக்கு வெளியே. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பிளக்கும் வேண்டாம். "தம்பி, இந்தப் பாயிண்ட்டை ரெண்டு அடி தள்ளி வைங்க" என்று சாக்பீஸ் கோட்டை அழிப்பதற்குக் காசில்லை. பூச்சு முடிந்த பிறகு அதே இரண்டு அடிக்குக் கொத்தனாருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது தடவை பூச்சு காய்ந்த பின் வயர் இழுக்க வருவார். சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம் லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பச்சைக் கம்பி ஒவ்வொரு பிளக்குக்கும் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணத் தெரிந்தால் போதும், படிப்பு வேண்டாம். வயரின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அளவும் அச்சாகியிருக்கும். லைட்டுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், பெரிய பிளக்குக்கு 2.5, மெயினுக்கும் ஏ.சி.க்கும் 4 என்பது வழக்கம். பழைய வயர்மேன்கள் 'ஒண்ணு பதினெட்டு', 'மூணு இருபது' என்று கேஜ் கணக்கில் சொல்வார்கள். அது மிரட்டலுக்காகச் சொல்வதல்ல, அவர்கள் கற்றுக்கொண்ட கணக்கு அது. "சதுர மில்லிமீட்டர்ல எவ்வளவு வருதுங்கண்ணா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

நான்காவது தடவை வெள்ளையடித்த பிறகு சுவிட்சும் ஃபேனும் மாட்டி, கரண்ட் விட்டுப் பார்ப்பார். இதில் ஒரே ஒரு சோதனையை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு லைட்டிலும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் டெஸ்டர் நன்றாக எரிந்தால், சுவிட்ச் லைனில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். லைட் எரியும், அணையும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அணைத்துவிட்டு பல்பு மாற்றுகிறவர் கையில் கரண்ட் இருக்கும்.

எர்த் என்றால் என்ன?

"கிரைண்டர் சுர்ருங்குது, செருப்புப் போட்டுக்கிட்டு ஆட்டறேன்" என்று குழுக் கூட்டங்களில் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை நாங்கள் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். இது சிரிக்கிற விஷயம் இல்லை. கிரைண்டர் நமக்கு ஒரு தகவல் சொல்கிறது. உள்ளே ஏதோ ஒரு கம்பியின் தோல் தேய்ந்து, அல்லது ஈரம் இறங்கி, லைன் உடம்பைத் தொடப் பார்க்கிறது. இன்றைக்குச் சுர்ரென்றது நாளைக்கு முழுதாகப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஆளைக் கொல்லப் போதுமானது.

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். அது கிரைண்டரின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். மறுபக்கம் சுவரில் பச்சைக் கம்பி வழியாக வீட்டுக்கு வெளியே மண்ணில் இறக்கிய பைப்பில் முடியும். உடம்பில் கரண்ட் கசிந்தால், நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போவதைவிட அந்தப் பச்சைக் கம்பி வழியாகப் போவது அதற்குச் சுலபம். வாய்க்கால் வெட்டி விட்டால் தண்ணீர் வயலுக்குள் புகாமல் வாய்க்காலில் போவது போல. அந்தப் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சொருகும்போது கரண்ட் வருவதற்கு முன்னால் எர்த் சேர்ந்துவிட வேண்டும், பிடுங்கும்போது கரண்ட் போன பிறகுதான் எர்த் விட வேண்டும். இப்படி யோசித்துச் செய்த பின்னை நாம் என்ன செய்கிறோம்? பழைய இரண்டு ஓட்டைப் பிளக்கில் நுழையவில்லை என்று உடைத்து எறிகிறோம். அல்லது பிளக்கே இல்லாமல் இரண்டு வயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறோம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் பல பழைய வீடுகள் குடிசைக்கு ஒரு விளக்கு என்ற கணக்கில் இணைப்பு வாங்கியவை. ஒரு பல்புக்கு எர்த் தேவை என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கலர் டி.வி. கொடுத்தது. 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. சாமான் வந்தது, வயரிங் மாறவில்லை. ஒரு பல்புக்கு இழுத்த அதே கம்பியில் எல்லாவற்றையும் மாட்டினோம்.

எர்த் குழி எப்படி இருக்க வேண்டும்? வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை, அதாவது எட்டடிக்குச் சற்று அதிகமாக, நெட்டாக மண்ணில் இறக்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புவார்கள். உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈர மண்ணில்தான் கரண்ட் சுலபமாக இறங்கும். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய் விட்டு, சின்னத் தொட்டி கட்டி மூடி போடுவார்கள். நம் தருமபுரிப் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் சித்திரை வெயிலில் கட்டாந்தரையாகக் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் எர்த் குழிக்கு ஊற்றுங்கள். பாறை தட்டுகிறது என்று சொல்லி இரண்டடி கம்பியை அடித்துவிட்டு மண்ணை மூடிவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். குழி மூடுவதற்கு முன் நீங்களே பைப்பை அளந்து பாருங்கள். முழம் போட்டாலே தெரிந்துவிடும், டேப் வேண்டாம்.

சிலர் எர்த் குழியே எடுக்காமல் ஒரு தந்திரம் செய்வார்கள். பிளக்குக்குள்ளேயே எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், எர்த் இருப்பது போலவே தெரியும். ஆனால் என்றாவது ஒரு நாள் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், எந்தப் பழுதும் இல்லாத கிரைண்டரின் உடம்பிலேயே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். இது வேலையில் வந்த குறை இல்லை, தெரிந்தே செய்கிற துரோகம் என்றுதான் நாங்கள் சொல்வோம். "எர்த் குழி எங்க தம்பி? காட்டுங்க" என்று கேட்டால் இந்தத் தந்திரம் வெளிப்பட்டுவிடும். தண்ணீர்க் குழாய்ப் பைப்பில் எர்த்தைச் சுற்றிவிடுவதும் இதே வகைதான். குழாயைத் தொடுகிறவர் பக்கத்து வீட்டுக் குழந்தையாகக்கூட இருக்கலாம்.

எம்.சி.பி. வேறு, ஆர்.சி.சி.பி. வேறு

முன்பெல்லாம் பியூஸ் கட்டை. உள்ளே மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் கரண்ட் போனால் அது உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றும். அடிக்கடி போகிறதே என்று அதில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிட்டால், பிறகு பியூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும்.

இப்போது பியூஸ் இடத்தில் எம்.சி.பி. வந்திருக்கிறது. லோடு கூடினாலும் ஷார்ட் ஆனாலும் டக்கென்று கீழே விழும். நம் உறுப்பினர்கள் பலர், "எங்க வூட்ல டிரிப்பர் இருக்குது, ஷாக் அடிச்சா விழுந்துரும்" என்று நம்பிக்கையாகச் சொல்கிறார்கள். விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 16 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். ஒரு ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நம்மைக் கரண்ட் பிடித்திருக்கும்போது எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான் தெரியும். காய்ந்த மண்ணில் எர்த் பலவீனமாக இருந்தாலும் இதே கதைதான். கசிவு எர்த்தில் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் எம்.சி.பி.யை விழ வைக்கும் அளவுக்குப் போகாது.

ஆளைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ளது ஆர்.சி.சி.பி. சிலர் பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். அது செய்வது ஒரு எளிய கணக்கு. நம் குழுக் கணக்கில் கொடுத்ததும் வந்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல, லைனில் உள்ளே போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று நொடி தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கில் இடித்தால், எங்கோ வெளியே கசிகிறது என்று அர்த்தம். அது எர்த் வழியாகவும் போகலாம், ஒரு மனித உடம்பு வழியாகவும் போகலாம். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதைத்தான் போட வேண்டும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு எடுக்கும் கரண்ட்டில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு அது. அவ்வளவு கசிந்தாலே கண் இமைப்பதற்குள் வீடு முழுக்க நின்றுவிடும்.

ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எர்த் இருந்தால் கிரைண்டரில் பழுது வந்த உடனேயே, யாரும் தொடுவதற்கு முன்பே, ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அதாவது நம் உடம்பே எர்த் கம்பியாகிறது. அதேபோல் ஆர்.சி.சி.பி. இருந்தாலும் எம்.சி.பி.யும் வேண்டும். லோடு கூடுவதை ஆர்.சி.சி.பி. பார்க்காது. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் லைனும் ஒரு கையில் நியூட்ரலும் சேர்த்துப் பிடித்தால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். அப்போது அதனாலும் காப்பாற்ற முடியாது.

அதன் மேல் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, குழுக் கூட்டம் நடக்கும் நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று சிலர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, "அதக் கழட்டி நேரா குடுத்துருங்க" என்கிறார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை அவிழ்த்து விரட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுவது போலத்தான் அது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்து, எதைப் பிடுங்கினால் விழாமல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். கசிவு அந்தச் சாமானில்தான். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால் சுவருக்குள் ஈரம். அது எலக்ட்ரீசியன் வேலை.

கூலியும் கமிஷனும்

வயரிங் கூலி பெரும்பாலும் பாயிண்ட் கணக்கு. ஒரு லைட், அதற்கு ஒரு சுவிட்ச், இரண்டுக்கும் நடுவே பைப்பும் வயரும் சேர்ந்து ஒரு பாயிண்ட். ஊருக்கு ஊர் விலை மாறும். அதனால் இங்கே தொகை எழுதவில்லை. ஆனால் பாயிண்ட்டில் எர்த் குழி சேர்ந்ததா, மெயின் போர்டு சேர்ந்ததா, சுவர் கொத்தும் கூலி சேர்ந்ததா என்று ஆரம்பத்திலேயே பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குழுவில் எத்தனை தாளில் கையெழுத்துப் போடுகிறோம், இதிலும் ஒன்று.

சாமான் வாங்கிய கடையில் எலக்ட்ரீசியனுக்குக் கமிஷன் போவது ஊரறிந்த விஷயம். இதற்காக அவரைத் திட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வேலை இல்லாத நாட்கள், வராத பாக்கி, ஒரு சுவிட்ச் மாற்ற ஐந்து மைல் வந்து "அட, இதுக்கா காசு" என்று திருப்பி அனுப்பப்படுவது, எல்லாம் அவருக்கு உண்டு. கூலியை நாம் அடித்துக் குறைத்தால் அவர் அதை வேறு வழியில் எடுத்துக்கொள்கிறார். நியாயமான கூலியைக் கொடுத்துவிட்டு, சாமானை நாமே போய்ப் பில்லோடு வாங்குவது இரண்டு பேருக்கும் நல்லது. அளவும் எண்ணிக்கையும் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயர் காயில் ஒன்று 90 மீட்டர். மிச்சம் வந்ததைச் சுருட்டி வீட்டிலேயே வையுங்கள்.

யாரை வேலைக்கு வைப்பது? வயர்மேன் சான்றும் கான்டிராக்டர் லைசென்ஸும் தருவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். புது இணைப்பு வாங்கும்போது லைசென்ஸ் உள்ளவரிடமிருந்து வயரிங் சோதனை அறிக்கை தேவைப்படும். வேலை செய்தது ஒருவர், கையெழுத்துக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தது இன்னொருவர் என்று நடக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் ஒரு தடவையாவது வந்து மெகர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அது நம் உரிமை.

மீட்டர் வரைக்கும் ஈ.பி.யின் பொறுப்பு, மீட்டருக்குப் பிறகு நம் பொறுப்பு. (மின்வாரியத்தின் பெயர் 2010லும் 2024லும் மாறியது. நமக்கு எப்போதும் ஈ.பி.தான்.) கம்பத்தில் பியூஸ் போனால் நம் எலக்ட்ரீசியனை ஏறச் சொல்லக் கூடாது. "அஞ்சு நிமிஷ வேலை தம்பி, ஏறிப் பாத்துருங்க" என்று கெஞ்சுவது அவர் வீட்டுப் பெண்ணின் தாலியைப் பணயம் வைப்பது. 2021ல் தொடங்கிய மின்னகம் எண் 94987 94987. எந்த நேரத்திலும் புகார் சொல்லலாம். துணி காயப்போடும் கம்பியை ஈ.பி. கம்பத்திலோ ஸ்டே கம்பியிலோ கட்டாதீர்கள்.

யாரையாவது கரண்ட் பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். கையால் இழுத்தால் இரண்டு பேராகிவிடும். பிறகு 108. மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் வேகமாக, அழுத்தமாக அமுக்கிக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வெளியே சிறிய காயமாகத் தெரிந்தாலும் உள்ளே இதயத்தைப் பாதித்திருக்கலாம்.

நம்ம பிள்ளைகளும் படிக்கலாம்

"பொம்பளைப் பிள்ளை ஏணி ஏறுமா?" என்று கேட்கிறவர்கள், சித்தாள் வேலையில் தலையில் கான்கிரீட் சட்டியோடு சாரம் ஏறுகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவுக்கு 8ஆம் வகுப்புத் தேர்ச்சி, எலக்ட்ரீசியன் பிரிவுக்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சி. இரண்டும் 2 வருடப் படிப்பு. பகலில் ஆண்கள் இல்லாத வீட்டில் ஃபேன் ஓடவில்லை, மிக்ஸி ஷாக் அடிக்கிறது என்றால் ஒரு பெண் வந்து பார்ப்பது எத்தனை வீடுகளுக்கு வசதி என்று நமக்குத் தெரியும். டெஸ்டர், பிளேயர், மல்டிமீட்டர், டிரில் மிஷின் வாங்கும் செலவு ஒரு கறவை மாட்டுக் கடனைவிடக் குறைவுதான். விருப்பமுள்ள உறுப்பினர்களின் பெண் பிள்ளைகள் பெயரை ஊக்குநர்கள் எழுதி அனுப்பினால், சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பம் போட நாங்கள் உடன் வருகிறோம்.

வரும் கூட்டத்திலிருந்து வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் 'எர்த் குழி', 'ஆர்.சி.சி.பி.' என்று இரண்டு தனி வரிகள் சேர்க்கக் கூட்டமைப்பு நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் உறுப்பினர்கள் தங்கள் வீட்டு மெயின் போர்டைப் பார்த்து, 'டி' பொத்தான் இருக்கிறதா, பச்சைக் கம்பி வெளியே எந்த இடத்தில் மண்ணில் இறங்குகிறது என்று கண்டுபிடித்து வையுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதையும் அப்படியே கூட்டத்தில் சொல்லுங்கள், கடன் வரிசையில் அந்த வீட்டை முன்னால் வைப்போம்.